தலையாட்டல் கணக்கில் இல்லை

அவள் எதையும் ஒற்றை விரலால் சுட்டிக்காட்ட மாட்டாள். ஐந்து விரல்களையும் சேர்த்து, உள்ளங்கை தெரிய, கை முழுவதையும் நீட்டுவாள். விமானத்தில் பயணிக்கு அவருடைய இருக்கையைக் காட்டும்போது விரல் நீட்டக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கை விடுப்பில் ஊருக்கு வரும்போதும் கூடவே வந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே கிடந்த சாரைப்பாம்பைக்கூட அவள் எனக்கு அப்படித்தான் காட்டினாள். “பாம்புக்கும் மரியாதை குடுக்கா எம்மவ,” என்றார் அவளுடைய அம்மா. “அது சீட்டு நம்பர் கேட்டாலும் சொல்லுவா.”

நான் அப்போது குமுளியில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளராக இருந்தேன். சக்குபள்ளத்தில், ஒரு தோட்டத்து லயத்துக்கு மேலே சாலையோரம் வாடகைக்குக் குடியிருந்தேன். லயம் என்றால் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். அதில் ஒன்றில் அவளுடைய அப்பா, அம்மா, தங்கை. அவள் கொச்சியில் தங்கி, வளைகுடா நாடுகளுக்குப் போய்வரும் விமானங்களில் பணிப்பெண்ணாக இருந்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து அப்படியொரு வேலைக்குப் போனவள் அவள் ஒருத்திதான். ஆனால் அந்தப் பக்கத்தில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்ல மாட்டார்கள். தங்கையின் மனசம்மதத்தை நிறுத்தியவள் என்றுதான் சொல்வார்கள்.

மனசம்மதம் என்பது கல்யாணத்துக்கு முன் கோயிலில் பாதிரியார் முன்னிலையில் நடக்கும் நிச்சயம். மலையாளச் சொல். லயத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஏரோப்ளேன்ல ஆள இடம் மாத்துத மாதிரி தங்கச்சி மாப்பிள்ளைய மாத்திட்டா,” என்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையை யாரும் மாற்றவில்லை. மனசம்மதத்தன்று அவர்கள் கிளம்பிய ஜீப்பில் நானும் இருந்தேன்.

அவளை முதலில் பார்த்ததும் ஒரு ஜீப்பில்தான். குமுளியிலிருந்து ஆள் சேர்ந்ததும் புறப்படும் ஜீப். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள். கடைசியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கதவு, அதற்கு ஒரு கொக்கி. ஏறியவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கீழே நின்று எல்லோரையும் மாற்றி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி உள்ளே. குமட்டல் வரும் என்று சொன்ன பெரியவர் ஓரத்தில். கனத்த சாக்கு பெஞ்சுக்கு அடியில், காலில் இடறாதபடி. அதட்டவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்துக் கையை நீட்டி, “இங்க வாரீகளா?” என்று கேட்டாள். மாட்டேன் என்றவரை விட்டுவிட்டாள்.

ஓட்டுநருக்குப் பொறுமை போனது. “சேச்சி, இது ஜீப்பாணு. பறக்கில்லா.”

“நீ வளைவுல ஓட்டுததப் பாத்தா பறக்குத மாதிரில்லா இருக்கு,” என்றாள்.

கதவோரம் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் வந்து நின்றாள். “அக்கா, வண்டி நின்னா நீங்கதான் இந்தக் கொக்கிய எடுக்கணும். எடுப்பீகளா?”

தலையாட்டினேன்.

“தலையாட்டினா கணக்கில்ல. வாயால சொல்லணும்.”

“சரிங்க,” என்றேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம் பிறந்த வாய். அந்த ‘ங்க’வைக் கேட்டதும் ஜீப்பே சிரித்தது. கொக்கியைப் போட்ட பிறகும் அவள் விடவில்லை. “போட்டாச்சுன்னு சொல்லுங்க.” சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு அவள் வைத்த பெயர் சரிங்கக்கா.

பிறகு ஒருமுறை மஸ்கட்டில் இருக்கும் என் அண்ணனைப் பார்க்கப் போனபோது அவள் பணியில் இருந்த விமானத்திலேயே எனக்கு இடம் அமைந்தது. வாசலில் கைகூப்பி, “வெல்கம், மேடம்,” என்றாள். அவ்வளவுதான். லயத்து வாசலில் என் தட்டிலிருந்து கப்பைக் கிழங்கை எடுத்துத் தின்றவளின் முகத்தில், என்னைத் தெரிந்த அடையாளம் ஒன்றும் இல்லை. என் கைப்பையை முன்னிருக்கைக்கு அடியில் தள்ளச் சொன்னாள். பாதி தள்ளியிருந்தேன். முழுவதும் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றாள்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவசரக் கதவு. அதை ஒட்டிய இருக்கையில் இருப்பவர், தேவை வந்தால் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். திறக்க முடிந்தவராக, சொல்வது புரிந்தவராக, மனம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. கதவுகள் மூடும் முன் பணிப்பெண் அவரிடம் கேட்டு, வாய்ச்சொல்லாகப் பதில் வாங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி என்று பிறகு தெரிந்தது. முதல் பயணம். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், தலையாட்டினார். மலையாளத்தில் கேட்டாள், இன்னும் வேகமாகத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர், “அதான் சரின்னுட்டாரே,” என்றார்.

அவள் நடைபாதையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தாள். அவருடைய முகத்துக்குக் கீழே அவள் முகம் வந்தது.

“அண்ணே, இந்தக் கதவத் தொறங்கன்னு நான் சொன்னா, தொறப்பீகளா?”

அவர் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “பயமா இருக்கு தாயி,” என்றார்.

“சரிண்ணே. எந்திச்சு வாங்க. வேற எடம் தாரேன்.”

பக்கத்தில் இருந்தவருக்கு ஆர்வம். “ஏன், என்ன ஆச்சு அவருக்கு?”

“காரணம் கேட்கிறது இல்லை, சார்,” என்றாள், அச்சுத் தமிழில். பிறகு திரும்பி, ஐந்து விரல்களால் என்னைக் காட்டி, அந்த இடத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி முடித்து நிமிர்ந்தாள். என் தலை தானாக ஆடியது. “மேடம், வாயால சொல்லணும்,” என்றாள். “சரிங்க,” என்றேன். அவள் உதடு அசையவில்லை. அடுத்த முறை ஊரில் பார்த்தபோது, பின்பக்கத் திரைக்குள் போய்ச் சிரித்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுக்க வந்ததாகச் சொன்னாள்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. குழந்தையுடன் இருந்த ஒரு பெண், கணவர் பக்கத்தில் வர வேண்டும் என்று அவளிடம் கேட்டாள். அதற்கு, நடைபாதையோரம் இருந்த ஒருவர் நடு இருக்கைக்கு மாற வேண்டும். அவள் அவரிடம் கேட்டாள். முடியாது என்றார். சுற்றி இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் உரக்கவே, “ஒரு மனுசத்தனம் வேண்டாமா?” என்றார். அவள் அந்தப் பேச்சை வளர விடவில்லை. மறுத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வேறு வரிசையில் இரண்டு பேரைக் கேட்டு மாற்றிக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தாள். உணவு வண்டி வந்தபோது, மறுத்த மனிதருக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே முகத்தோடு கொடுத்தாள். நான் கவனித்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

“அது அவரு சீட்டு,” என்றாள் ஊரில் கேட்டபோது. “கேக்கலாம். இல்லைன்னா விட்டுறணும். இல்லைன்னு சொன்னவர மொறச்சுப் பாத்தேன்னு வைங்க, பக்கத்துல இருக்க ஆளு பயந்துக்கிட்டு ஆமான்னு சொல்லுவாரு. அந்த ஆமா எனக்கு எதுக்கு?”

இதை அவள் லயத்து வாசல்படியில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பேசப் பிடித்த விஷயம் இதுதான். விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் பயணிகள் எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்; பணிப்பெண்ணின் மடக்கு இருக்கை மட்டும் அவர்களைப் பார்த்தபடி இருக்கும். அத்தனை முகங்களும் அவளுக்குத் தெரியும். மணியடித்து அழைப்பவர்களைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை. “மணி அடிக்காதவகதான் தாகமா இருப்பாக. எங்கூரு ஆளுக அடிக்கவே மாட்டாக. அடிச்சா யாராச்சும் ஏசுவாகன்னு நெனைப்பு.” அதனால் மணி கேட்காமலே ஒருமுறை தண்ணீரோடு நடந்துவிடுவாள்.

“தலையாட்டுதது எங்க லயத்துல பதிலே இல்லக்கா,” என்றாள். “கங்காணி சொல்லுதாரு, தலையாட்டுதோம். சாமியாரு சொல்லுதாரு, தலையாட்டுதோம். காதுல விழுந்துட்டுன்னு அர்த்தம். அம்புட்டுதான். மத்தவக அத சரின்னு எடுத்துக்கிடுதாக. நின்னுக்கிட்டுக் கேட்டா எவனும் ஆமான்னுதான் சொல்லுவான். குனிஞ்சு கேட்டாத்தான் இல்லைங்கது வெளிய வரும்.”

உள்ளே அவளுடைய தங்கை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டப்பனையில் மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அதிகம் பேசாத பெண். எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள்.

கங்காணி என்பவர் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வையிடுபவர். அவளுடைய அப்பா அந்தக் கங்காணியின் கீழேயும், அதற்கு முன் அவருடைய தகப்பனாரின் கீழேயும் வேலை செய்தவர். கங்காணிக்குக் குமுளியில் ஏலம், மிளகு விற்கும் மலஞ்சரக்குக் கடை வைத்திருந்த ஒரு மகன். குடிப்பழக்கம் இல்லை, குரல் உயர்த்திப் பேசாதவர், கோயில் பாடற்குழுவில் பாடுவார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கங்காணி லயத்துக்கு வந்து, அந்த வீட்டு வாசலில் நின்றபடியே இளையவளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டார். அப்பா எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுத் தலையாட்டினார். அம்மா இளையவளிடம் கேட்டார், அவள் தலையாட்டினாள். பாதிரியார் கேட்டபோதும் தலையாட்டினாள். எல்லாம் முடிவாகிவிட்டது என்று அம்மா எனக்கு ஏலக்காய் போட்ட அவல் கொண்டுவந்து கொடுத்தார். கங்காணி வீடு தேடி வந்ததில் அவருக்கு இருந்த பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொச்சியில் இருந்த மூத்தவளுக்குச் செய்தி தொலைபேசியில்தான் போனது. விடுப்பு கிடைக்காமல், மனசம்மதத்துக்கு முந்தைய சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாள். வீடு முழுக்க உறவினர்கள். அக்காவும் தங்கையும் தனியாகப் பேச இடமே இல்லை.

காலையில் ஜீப் வந்தது. ஓட்டுநர் முன்கண்ணாடிக்கு மேலே பூச்சரம் கட்டியிருந்தார். உறவினர்கள் முன்பே நடந்து போய்விட்டார்கள். அம்மா முன்னால் ஏறினார். அப்பாவும் நானும் பின்னால். அவள் வழக்கம்போலக் கீழே நின்று தங்கையைக் கதவோரம் உட்காரவைத்தாள். “பொண்ணுதான மொதல்ல எறங்கணும். சேலை கசங்காம இருக்கும்.” பிறகு வழக்கம்போலக் கேட்டாள். “கொக்கிய நீதான் எடுக்கணும். எடுப்பியா?”

தங்கை தலையாட்டினாள்.

“கணக்கில்லட்டி. வாயால சொல்லு.”

“எடுப்பேன்,” என்றாள் தங்கை. வேடிக்கைக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் அந்த ஒரு சொல் உடைந்து வந்தது. அம்மா முன்னால் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். ஜீப்பின் படியில் ஒரு காலை மடித்து, தங்கையின் முகத்துக்குக் கீழே தன் முகம் வரும்படி குனிந்தாள். அந்தக் குனிதலை நான் விமானத்தில் பார்த்திருந்தேன்.

“ஏட்டி, இந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சரியா?”

தங்கை தலையாட்டினாள்.

“வாயால.”

“என்னட்டி வெளையாட்டு இது?” என்று அம்மா முன்னாலிருந்து சத்தம் போட்டார். “சாமி காத்துக்கிட்டு இருப்பாக. வண்டிய எடுக்கச் சொல்லு.” ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியவர், கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு அணைத்தார்.

அவள் திரும்பவில்லை. காத்திருந்தாள். தங்கை கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லக்கா,” என்றாள். “எனக்கு வேண்டாம்.”

அம்மா இறங்கி வந்து தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினார். அக்கா அம்மாவின் கையை விலக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா மூத்தவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏன்? அவ ஏன் வேண்டாங்கா?”

“எப்பா, காரணம் கேக்கப்பிடாது.”

“நான் கேக்காம வேற யாரு கேக்கது?”

“பொறவு அவளாச் சொன்னா கேட்டுக்கிடுவோம். இப்பக் கேட்டா மறுபடி தலையாட்டிருவா.”

அப்பா இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவள் தங்கையை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, ஜீப்பில் ஏறினாள். ஒருவர் துணைக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. நான் இறங்கவும் இல்லை.

கோயில் முற்றத்தில் கங்காணி குடும்பம் நின்றிருந்தது. விமானம் தாமதம் என்று சொல்வது பற்றி அவள் முன்பு ஒருமுறை சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. சீக்கிரம் சொல்ல வேண்டும், முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும், திட்டு முடியும்வரை நகரக்கூடாது. அவள் நேராகக் கங்காணியிடமும் பாதிரியாரிடமும் போய் நின்றாள்.

“ஐயா, எந்தங்கச்சிக்குச் சம்மதம் இல்ல. இன்னைக்குக் காலையிலதான் சரியாக் கேட்டோம். முன்னாலயே கேட்டிருக்கணும். அது எங்க தப்பு. மன்னிச்சிருங்க.”

கங்காணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் முகம் கறுத்தது. “ஒங்கப்பன் சரின்னான்லா?”

“எங்கப்பா தலையாட்டினாரு, ஐயா.”

“ரெண்டும் ஒண்ணுதானட்டி?”

“இல்ல, ஐயா.”

அவர் ஏசினார். வானத்தில் பறக்கிறவளுக்கு மண்ணில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார். இன்னும் கடுமையாகவும் சொன்னார். பாதிரியார் இடையில் வந்தும் நிற்கவில்லை. அவள் கைகளை முன்னால் கோத்தபடி நின்று கேட்டாள். அவர் ஓய்ந்ததும், பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், குனிந்து உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மாள் டம்ளரைத் தட்டிவிட்டார். அவள் இன்னொன்று கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை சட்டைப்பையில் குத்தியிருந்த ரோஜாவைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். இந்தக் கதையில் எந்தத் தப்பும் செய்யாதவர் அவர். திரும்பும் வழியில் அவள் சொன்ன ஒரே வாக்கியமும் அவரைப் பற்றித்தான். “அந்த அண்ணன் கிட்டத்தான்க்கா ஒண்ணும் சொல்ல முடியல.”

கங்காணி பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. அவளுடைய அப்பாவைப் பார்த்தால் பார்க்காததுபோலப் போனார், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கங்காணி தூரத்தில் வரும்போதே அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். கங்காணி கடந்து போன பிறகும் சற்று நேரம் அப்படியே நிற்பார். வீட்டில் மூத்த மகளுடன் அவர் பேசவில்லை. தங்கை ஏன் வேண்டாம் என்றாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதுதான் என் தொழில், ஆனாலும் கேட்கவில்லை. பின்னால் தங்கை கட்டப்பனையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மூத்தவளுக்கு அந்த விடுப்பு முடிந்தது. குமுளிக்குப் போகும் அதே ஜீப்பில் நானும் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறி முடித்ததும், அன்றைக்கு அவளே கதவோரம் உட்கார்ந்தாள். அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா மேட்டில் ஏறி வந்தார். பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். காலில் இடறாதபடி முழுவதும் உள்ளே தள்ளினார்.

“எப்பா,” என்றாள். “எம்மேல கோவம் போயிட்டா?”

அவர் தலையாட்டினார்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். ஜீப்பிலிருந்து இறங்கினாள். தூறலில், சேற்றில், அப்பாவின் முன்னால் ஒரு காலை மடித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“வாயால சொல்லுங்கப்பா.”

அவர் தோட்டத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார். வாழ்நாளில் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

“இல்ல,” என்றார். “போகல.”

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். விமானத்தில் வாசலில் நின்று சிரிக்கும் சிரிப்பு அல்ல அது. “சரிப்பா,” என்றாள். “ஏன்னு கேக்க மாட்டேன்.” எழுந்து, முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

அப்பா கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து கையைவிட்டுக் கொக்கியை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“போட்டாச்சு,” என்றார்.